மூளையைச் சாட்சிக்கு அழைக்கலாமா?

மும்பையின் ஆய்வகம் ஒன்றில் 24 வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தலையில் 32 மின்முனைகள். அவர் எதுவும் பேச வேண்டியதில்லை. பதிவு செய்யப்பட்ட வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழுகின்றன. வானம் நீல நிறமானது என்பதுபோல எந்த வம்பும் இல்லாத வாக்கியங்கள் சில. நடுநடுவே, அவரே சொல்வதுபோலத் தன்மையில் அமைந்த வேறு சில: நான் ஆர்செனிக் வாங்கினேன், நான் அவனை இன்ன உணவகத்தில் சந்தித்தேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர் வாயே திறக்கவில்லை. அவருடைய மூளையிலிருந்து வந்த மின்னலைகளைக் கணினி அலசி, அந்தச் செயல்களை அவர் ‘அனுபவித்த’ தடயம் இருக்கிறது என்று அறிக்கை தந்தது. முன்னாள் காதலருக்குப் பிரசாதத்தில் விஷம் வைத்தார் என்ற வழக்கில், 2008 ஜூனில் புணே செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. வேறு சாட்சியங்களும் இருந்தன. ஆனால் மூளைச் சோதனையின் முடிவைக் குற்றத்துக்கான ஆதாரமாக நீதிபதி ஏற்றுக்கொண்டதுதான் உலகம் முழுவதும் நரம்பியலாளர்களைத் திடுக்கிட வைத்தது. பின்னர் உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து அவருக்கு ஜாமீன் வழங்கியது.

தெருமுனையில் கேமரா வைக்க நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். செல்போன் கோபுரப் பதிவைப் போலீஸ் கேட்டு வாங்குவதும் பழகிவிட்டது. சங்கிலிப் பறிப்பு குறையும், காணாமல்போன பிள்ளை கிடைக்கும் என்றால் கொஞ்சம் அந்தரங்கம் போனால் போகட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பை நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. பறிகொடுத்தவருக்குத்தான் அதன் வலி தெரியும். ஆனால் கேமரா பதிவு செய்வது நாம் செய்ததை. மூளைச் சோதனை கேட்பது நாம் செய்யாததையும், சொல்லாததையும், வெறுமனே நினைத்ததையும். அதற்கு ஈடாக நமக்குக் கிடைப்பது உண்மையிலேயே பாதுகாப்புதானா என்பதை முதலில் அறிவியலிடம் கேட்க வேண்டும். சட்டத்தின் கேள்விகளைப் பிறகு பார்க்கலாம்.

மனத்தைப் படிக்கும் ஆசை, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்கர் இளம் வயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் உயிர் தப்பினார். அதே நாளில், எங்கோ தொலைவில் இருந்த அவருடைய அக்காவுக்கு மனது பிசைந்து, தம்பிக்கு என்ன ஆயிற்று என்று தந்தி அடிக்கச் சொன்னாராம். ஒரு மூளையின் கலக்கம் இன்னொரு மூளைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தேடியபடியே பெர்கர் மருத்துவம் படித்து மனநல மருத்துவரானார். யேனா நகரில் 1924ல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929ல் அதை வெளியிட்டார். எண்ணம் பாயும் வழி கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. வலிப்பு நோயையும் உறக்கத்தையும் ஆராய ஒப்பற்ற ஒரு கருவி உலகத்துக்குக் கிடைத்தது.

அந்தக் கருவி அளப்பது என்ன? லட்சக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் இயங்கும்போது எழும் மின்னழுத்தத்தில், மண்டையோட்டையும் தோலையும் தாண்டி வெளியே கசிகிற மிச்சம். பெரும்பாலும் நூறு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. கண்ணைச் சிமிட்டினாலே அதைவிடப் பெரிய அலை வந்துவிடும். கல்யாண மண்டபத்துக்கு வெளியே தெருவில் நிற்பவருக்குக் கெட்டிமேளம் கேட்கும். தாலி கட்டியாகிவிட்டது என்று நேரத்தோடு சொல்லிவிடுவார். மணப்பெண் என்ன நினைத்தாள் என்பதை அந்த மேளத்தை வைத்துச் சொல்ல முடியாது. இ.இ.ஜி.யின் பலமும் பலவீனமும் இவ்வளவுதான். ‘எப்போது’ என்பதை மில்லி விநாடி துல்லியத்தில் சொல்லும். ‘என்ன’ என்று கேட்டால் திணறும்.

குற்றப் புலனாய்வுக்கு அதிகம் பயன்பட்ட அலை பி300. சாமுவேல் சட்டனும் அவருடைய சகாக்களும் 1965ல் கண்டறிந்தது. ஒரே மாதிரியான படங்கள் வரிசையாக ஓடும்போது, நமக்கு முக்கியமான ஒன்று நடுவே வந்தால், சுமார் 300 மில்லி விநாடி கழித்து மூளையில் ஒரு நேர்மின் அலை எழுகிறது. பத்துக் கத்திகளின் படங்களில் கொலைக்குப் பயன்பட்ட கத்தியைக் கண்டதும் ஒருவருடைய மூளை துள்ளினால், அந்தக் கத்தி அவருக்குத் தெரிந்தது என்று பொருள். அமெரிக்காவின் லாரன்ஸ் ஃபார்வெல் இதற்கு ‘மூளைக் கைரேகை’ என்று பெயர் வைத்துப் பிரபலப்படுத்தினார்.

கத்தி தெரிந்தது என்பது உண்மையாகவே இருக்கட்டும். எப்படித் தெரிந்தது? கொன்றதாலா, பக்கத்தில் நின்று பார்த்ததாலா, அதே மாதிரிக் கத்தி அவர் வீட்டுச் சமையலறையில் இருப்பதாலா, விசாரணையின்போது போலீஸ் அதிகாரி மேசையில் எடுத்துப் போட்டுக் காட்டியதாலா? பி300க்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. குற்றவாளியைத் தவிர வேறு யாருக்குமே தெரியாத தகவலாக இருந்தால்தான் இந்தச் சோதனை பொருள்படும். ஜப்பானியப் போலீசார் இதே தத்துவத்தில், வியர்வையையும் மூச்சையும் அளக்கும் பாலிகிராஃப் கருவியைக் கொண்டு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்கிறார்கள். அங்கே குற்ற விவரங்களை வெளியே விடாமல் காப்பதுதான் பாதி வேலை. நம் ஊரில் நிலைமையே வேறு. கைது நடந்த மறுநாள் காலைக்குள் ஆயுதம், நேரம், இடம், போட்டிருந்த சட்டையின் நிறம்வரை தொலைக்காட்சியில் வந்துவிடும். காவலில் பலமுறை துருவித் துருவிக் கேட்கப்பட்ட ஒருவருடைய மூளையில் வழக்கின் முழுக் கதையும் ஏற்கெனவே ஏறியிருக்கும். ஏற்றியவர்களே பிறகு அதைத் தேடி எடுத்தால் அது எப்படி ஆதாரமாகும்?

ஏமாற்றுவதும் கடினமில்லை. பீட்டர் ரோசன்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 2004ல் வெளியிட்ட ஆய்வில், முக்கியமில்லாத படங்கள் வரும்போது ஷூவுக்குள் கால் கட்டைவிரலை அசைக்கும்படி சிலருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் அந்தப் படங்களும் மூளைக்கு ‘முக்கியமாகி’விட, சோதனையின் வெற்றி விகிதம் சரிந்தது. பயிற்சி எடுத்த குற்றவாளி தப்பிப்பான். பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் அப்பாவிக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

புணே வழக்கில் பயன்பட்ட ‘பியோஸ்’ முறை இன்னும் ஒருபடி மேலே போய் உரிமை கொண்டாடியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய சம்பாடி ராமன் முகுந்தன் உருவாக்கியது இது. ஒரு விஷயத்தைக் கேள்விப்பட்டு அறிந்தவரையும் தானே செய்து அறிந்தவரையும் இதனால் பிரித்துக் காட்ட முடியும் என்றார்கள். அப்படிப் பிரிக்க வேண்டுமானால், நினைவு என்பது மூளைக்குள் கலையாத படச்சுருளாக இருக்க வேண்டும். அது அப்படி இல்லை என்று எலிசபெத் லாஃப்டஸ் 1970களிலிருந்தே காட்டிவருகிறார். கார்கள் மோதும் படத்தைக் காட்டிவிட்டு, ‘மோதியபோது என்ன வேகம்’ என்று சிலரிடமும், ‘நொறுங்க மோதியபோது என்ன வேகம்’ என்று வேறு சிலரிடமும் கேட்டார். நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். அதோடு நிற்கவில்லை. ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகவும் அவர்களில் அதிகம் பேர் சொன்னார்கள். ஒரேயொரு சொல் ஒரு காட்சியையே நினைவில் செருகிவிடுகிறது என்றால், மணிக்கணக்கான போலீஸ் விசாரணை எதையெல்லாம் செருகும்? 2008லேயே நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான வல்லுநர் குழு, இந்தச் சோதனைகளுக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை, நீதிமன்றத்தில் ஆதாரமாகப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது.

சோதனைகள் மேம்படும், 99 சதவீதத் துல்லியம் வரும், அப்போது விமான நிலையத்தில் வரிசையில் நிறுத்தி எல்லாரையும் சோதித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் பயணிகள். அவர்களில் ஒரே ஒருவர் கெட்ட எண்ணத்தோடு வந்தவர். 99 சதவீதத் துல்லியமுள்ள கருவி அவரை அநேகமாகப் பிடித்துவிடும். கூடவே ஏறக்குறைய ஆயிரம் அப்பாவிகளையும் பிடிக்கும். அந்த ஆயிரத்தொரு பேரில் யார் அந்த ஒருவர் என்று கருவிக்குத் தெரியாது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு பாலிகிராஃப் பற்றி 2003ல் தந்த அறிக்கையிலும் இதே பாணியில் ஒரு கணக்கு உண்டு. 10,000 ஊழியர்களில் 10 உளவாளிகள் இருந்து, அவர்களில் எட்டுப் பேரைப் பிடிக்கும்படி சோதனையை அமைத்தால், சுமார் 1,600 நேர்மையான ஊழியர்களும் சந்தேகப் பட்டியலில் விழுவார்கள். இன்னொரு பக்கம், சோவியத் ஒன்றியத்துக்குத் தகவல் விற்றுவந்த சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், உளவு பார்த்துக்கொண்டே இரண்டு முறை பாலிகிராஃப் சோதனையில் தேறினார். அரிதான ஆபத்தைத் தேடி எல்லாருடைய மூளைக்குள்ளும் புகுந்தால், கிடைப்பதில் பெரும்பகுதி பிழைதான். இது கருவியின் தரத்தால் வருவது மட்டுமன்று. எண்களின் இயல்பே அப்படி.

இந்தியாவில் இந்தச் சோதனைகளுக்கு ஆதரவு வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். லாக்கப்பில் அடித்துத் துவைப்பதற்குப் பதிலாக மயக்கிப் பேச வைக்கும் ஒரு நார்கோ ஊசியும் ஒரு மின்முனைத் தொப்பியும் மேல் அல்லவா என்ற வாதம் அது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்ததைப் பார்த்த எவருக்கும் இந்த வாதம் ஒரு கணம் நியாயமாகத் தோன்றும். ஆனால் லத்தியைக் கீழே வைக்கச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. சட்டத்தை மீறாமல் இருப்பதற்கு விலையாக மக்களிடம் இன்னோர் உரிமையைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை எடுத்து அலசியது. ‘செல்வி எதிர் கர்நாடக மாநிலம்’ வழக்கு. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நீதிபதிகள் ஆர்.வி. ரவீந்திரன், ஜே.எம். பாஞ்சால் அடங்கிய அமர்வு, நார்கோ, பாலிகிராஃப், மூளை மின்னலைச் சோதனை மூன்றையும் ஒருவருடைய சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு. வாயால் சொல்லாவிட்டாலும் மூளை தரும் பதிலும் சாட்சியம்தான் என்றது நீதிமன்றம். ரத்த மாதிரி, கைரேகை போன்ற உடல் சான்றுகளிலிருந்து இதைத் தெளிவாகப் பிரித்தது. கைரேகை நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் ஒன்றுதான். மூளையின் பதிலோ கேள்விக்கு ஏற்ப நம் அறிவிலிருந்து எழுவது. பேசுவதா மௌனமாக இருப்பதா என்று தீர்மானிப்பது அந்த மனிதருடைய உரிமை. அதில் வலுக்கட்டாயமாகப் புகுவது மன அந்தரங்கத்தை உடைப்பது என்றும் தீர்ப்பு சொன்னது. பொதுநலன் கருதி ஒரு விதிவிலக்கு கொடுங்கள் என்று அரசுத் தரப்பு கேட்டது. நீதிபதிகள் கொடுக்கவில்லை. உலகின் பல நாடுகள் இந்தக் கேள்வியை யோசிக்கத் தொடங்கும் முன்பே நம் நாட்டில் வந்த தீர்ப்பு இது. இதற்குக் கிடைக்க வேண்டிய பெருமை இன்னும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

சம்மதம் என்ற சொல் அந்தத் தீர்ப்பின் கதவு. கதவு இருந்தால் தட்டுபவர்களும் இருப்பார்கள். மாஜிஸ்திரேட் முன்னால், வழக்கறிஞர் உதவியோடு சம்மதம் பதிவாக வேண்டும் என்பது விதி. போலீஸ் காவலில் பல நாள் இருந்துவிட்டு வரும் ஒருவர் தரும் சம்மதத்துக்கு எவ்வளவு எடை? ‘உண்மை கண்டறியும் சோதனைக்கு மறுப்பு’ என்று மறுநாள் நாளிதழில் கொட்டை எழுத்தில் வந்தால், படிக்கும் நாம் தீர்ப்பை அப்போதே எழுதிவிடுகிறோம். மறுப்பதற்கு இவ்வளவு பெரிய விலை இருக்கும்போது சம்மதம் பாதி கட்டாயம்தான். நீதிமன்றங்களுக்கே இது மறந்துபோகிறது. பீகாரில் ஒரு ஜாமீன் மனுவில், சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் நார்கோ சோதனை செய்வோம் என்று விசாரணை அதிகாரி சொன்னதைப் பாட்னா உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சொன்னதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் பழைய கருவிகளின் கதை. ‘இந்தக் கருவிகள் நம்பத்தகாதவை’ என்ற ஒரே தூணில் நம் உரிமையைச் சாய்த்து வைத்தால், கருவி தேறிய நாளில் உரிமை விழுந்துவிடும். கருவி தேறிக்கொண்டும் வருகிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி டேங், அலெக்சாண்டர் ஹூத் குழுவினர் 2023ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று பேர் எஃப்.எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் தலா 16 மணி நேரம் படுத்துக் கதைகள் கேட்டார்கள். எந்தப் பொருளுக்கு மூளையின் எந்தப் பகுதியில் ரத்த ஓட்டம் கூடுகிறது என்று மொழி மாதிரி ஒன்று பயின்றது. பிறகு அவர்கள் புதுக் கதை கேட்டபோதும், மனத்துக்குள் கதை சொல்லிக்கொண்டபோதும், அதன் சாரத்தைக் கணினி வாக்கியமாக எழுதியது. ஓட்டுநர் உரிமம் இன்னும் எடுக்கவில்லை என்று கதையில் ஒருவர் சொல்ல, அவள் வண்டி ஓட்டக் கற்கவே தொடங்கவில்லை என்று கணினி எழுதியது. சொல் மாறிவிட்டது, பொருள் தப்பவில்லை. ஆறுதலான செய்தியும் அதே ஆய்வில் இருந்தது. ஒருவருக்குப் பயிற்றுவித்தது இன்னொருவருக்கு உதவவில்லை. மனத்துக்குள் விலங்குகளின் பெயரை அடுக்கியோ வேறு கதை நினைத்தோ எதிர்த்தால் கணினி தோற்றது.

மூளைக்குள்ளேயே மின்முனை பதித்தவர்களின் நிலைமை இன்னும் கூர்மையானது. பக்கவாதத்தாலோ நரம்பு நோயாலோ பேச்சிழந்தவர்கள் பேச முயலும்போது எழும் அலைகளைச் சொற்களாக மாற்றும் ஆராய்ச்சி, மருத்துவத்தின் மகத்தான பணிகளில் ஒன்று. நிமிடத்துக்கு 60, 70 சொற்கள்வரை வந்துவிட்டது. பேச முயல்வதே இந்த நோயாளிகளுக்கு அயர்ச்சி தரும். மனத்துக்குள் நினைத்தாலே போதும் என்றால் எவ்வளவு நிம்மதி. ஸ்டான்ஃபோர்டு குழு 2025ல் அதைச் செய்து காட்டியது. அப்போது ஒன்று வெளிப்பட்டது. திரையில் தெரியும் வண்ண வட்டங்களை எண்ணச் சொன்னபோது, யாரும் ‘மனத்துக்குள் சொல்’ என்று கேட்காமலேயே நோயாளிகளுக்குள் ஓடிய எண்களின் சுவடு கருவியில் பதிவானது. சொல்ல நினைக்காததும் கசியலாம் என்று உணர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு பூட்டு போட்டார்கள். எளிதில் தற்செயலாக மனத்தில் வராத ஒரு சொற்றொடரை நோயாளி நினைத்தால்தான் கருவி படிக்கத் தொடங்கும். அந்தத் திறவுச்சொல்லை 98 சதவீதத்துக்கு மேல் சரியாக அடையாளம் கண்டது. பூட்டு உள்ளே இருப்பவரின் கையில் இருக்க வேண்டும் என்று பொறியாளர்களே முடிவு செய்தது எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. ஏனென்றால் அதைச் செய்யும்படி எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

பூட்டு இல்லாத கருவிகளோ இப்போதே கடையில் கிடைக்கின்றன. தியானத்துக்கு, தூக்கத்துக்கு, கவனத்துக்கு என்று விற்கும் தலைப்பட்டைகள். சீனாவின் ஜின்ஹுவா பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளி 2019ல் பிள்ளைகளுக்கு இ.இ.ஜி. பட்டை மாட்டியது. கவனமாக இருந்தால் நெற்றியில் சிவப்பு விளக்கு, கவனம் சிதறினால் நீலம். பெற்றோரும் ஆசிரியரும் மதிப்பெண்போலக் கவனத்தைப் பார்த்தார்கள். கண்டனம் எழுந்த பிறகு நிறுத்தப்பட்டது. வகுப்பில் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கும் அந்த ஐந்து நிமிடம்கூட ஒரு குழந்தைக்குச் சொந்தமில்லை என்று நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது. நியூரோரைட்ஸ் அறக்கட்டளை 2024ல் இப்படிப்பட்ட 30 நிறுவனங்களின் விதிமுறைகளைப் படித்துப் பார்த்தது. 29 நிறுவனங்கள் பயனரின் மூளைத் தரவை, பொருட்படுத்தத்தக்க கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் எடுத்துக்கொள்ள வழி வைத்திருந்தன.

சிலி நாடு 2021ல் அரசியல் சாசனத்தைத் திருத்தி மூளையின் செயல்பாட்டுக்கும் அதிலிருந்து கிடைக்கும் தகவலுக்கும் பாதுகாப்பு தந்தது. முன்னாள் செனட்டர் குயிடோ ஹிரார்டி ஒரு தலைப்பட்டையை வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, தன் மூளைத் தரவை நிறுவனம் வைத்துக்கொண்டது என்று வழக்குப் போட்டார். 2023 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை அழிக்க உத்தரவிட்டது. அமெரிக்காவில் கொலராடோ, கலிஃபோர்னியா மாநிலங்கள் 2024ல் நரம்புத் தரவைத் தனிப்பட்ட, நுண்ணிய தகவலாகச் சட்டத்தில் சேர்த்தன. 2025 நவம்பரில் யுனெஸ்கோ நரம்புத் தொழில்நுட்ப நெறிமுறைகளுக்கு ஒரு பரிந்துரையை ஏற்றது.

இங்கே? ‘செல்வி’ தீர்ப்பும், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017ம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பும் நம் கையில் இருக்கின்றன. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், மூளைத் தரவை விடுங்கள், நுண்ணிய தரவு என்ற தனிப் பிரிவே கிடையாது. செல்போன் எண்ணுக்கும் மின்னலைக்கும் ஒரே காப்பு. அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரமும் மத்திய அரசிடமே இருக்கிறது. இன்னொரு சட்டம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 2022ன் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைதானவர்களிடமிருந்து எடுக்கக்கூடிய ‘அளவீடுகளில்’ உயிரியல் மாதிரிகளையும் அவற்றின் பகுப்பாய்வையும் நடத்தைசார் கூறுகளையும் சேர்த்தது. அந்தப் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். தர மறுப்பது குற்றம். நார்கோவும் மூளைச் சோதனையும் இதில் அடங்காது என்று நாடாளுமன்ற விவாதத்தில் அரசுத் தரப்பு உறுதி சொன்னது. அந்த உறுதி சட்டத்தின் வாசகத்தில் ஏறவில்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும்: மூளையிலிருந்து எடுக்கப்படும் எந்தச் சமிக்ஞையும் ‘அளவீடு’ ஆகாது. அதைச் சேர்க்கும்படி நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்பதற்கு எஃப்.எம்.ஆர்.ஐ. இயந்திரம் தொப்பி அளவுக்குச் சுருங்கும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.